பெட்ரோல் முள் பொய் சொல்கிறதா? பழைய கார்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

காரைக்குடிப் பக்கம் பழைய கார்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வளவு வீட்டின் பின்பக்க ஷெட்டில், மேலே ஒரு பழைய ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு, வருஷத்தில் பத்து மாதம் சும்மா நிற்கும். குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைப்பது), பொங்கல் என்று எல்லாரும் ஊருக்கு வரும்போதுதான் "வண்டியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தம்பி" என்று ஆள் வரும். பேட்டரி மாற்றி, ப்ளக் துடைத்து, கார்புரேட்டரைக் கழுவி வண்டியைக் கிளப்பிவிடுவோம். எல்லாம் முடிந்த பிறகு டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பெட்ரோல் முள்ளு மட்டும் வேலை செய்யலை, அது பரவாயில்லை" என்பார்.

பரவாயில்லை என்று விட்ட ஒரு வண்டி மாப்பிள்ளை அழைப்பில் பாதி வழியில் நின்றது. முள் முக்கால் டேங்க் காட்டிக்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே காத்திருக்க, மாப்பிள்ளையின் பங்காளிகள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். வண்டியைக் கிளப்பிக் கொடுத்தவன் நான்தான். அன்றிலிருந்து முள்ளைப் பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே அனுப்புவதில்லை.

இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டது ஒன்று: மீட்டர் கெட்டுப்போவது அபூர்வம். கெடுவது எர்த்தும் (கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு) வயரும், டேங்க்குக்குள் மிதவையோடு இருந்து பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் யூனிட்டும்தான். ஆனால் எல்லாரும் முதலில் கழற்றுவது மீட்டரை, காரணம் அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கீழே இருப்பதை வரிசையாகச் செய்து வந்தால் டேஷ்போர்டில் கை வைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

## தொடங்குவதற்கு முன்

இடம். வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் அடுப்படியும் பின்பக்கம், கார் ஷெட்டும் பின்பக்கம். விசேஷ நாளில் அங்கே கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். சமையல் நடக்கிற நாளில் டேங்க்கைத் திறக்கவே திறக்காதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

குச்சி. மீட்டர் பொய் சொல்கிறது என்று சொல்ல வேண்டுமானால் உண்மை என்ன என்று தெரிய வேண்டும். ஒரு மூங்கில் குச்சியைச் சீவி எடுங்கள். டேங்க் காலியாக இருக்கும்போது, சமதரையில், 5 லிட்டர் ஊற்றிக் குச்சியை விட்டுப் பார்த்துக் கத்தியால் ஒரு கோடு. இன்னொரு 5 லிட்டர், இன்னொரு கோடு. அம்பாசடர் டேங்க் 54 லிட்டர், பத்துக் கோட்டில் வேலை முடிந்துவிடும். ஊற்றும் குழாய் வளைந்திருக்கும் வண்டிகளில் குச்சி அடிவரை போகாது. அப்போது யூனிட்டைக் கழற்றிய துளை வழியாகத்தான் அளக்க வேண்டும்.

கருவிகள். டெஸ்ட் பல்பு, மல்டிமீட்டர், இரண்டு முனையிலும் க்ளிப் வைத்த நீள வயர் ஒன்று, உப்புத்தாள், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 33 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று. வேறெதுவும் வேண்டாம்.

சாவி விதி. டேங்க் பக்கம் எந்த வயரை இணைப்பதானாலும் கழற்றுவதானாலும் சாவி ஆஃபில் இருக்க வேண்டும். இணைத்து, தள்ளி நின்று, அப்புறம் சாவியை ஆன் செய்யச் சொல்லுங்கள். சாவி ஆனில் இருக்கும்போது வயரை பாடியில் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. டேங்க் பக்கத்தில் அது உயிரோடு விளையாடுவது. யூனிட்டையே கழற்றுவதானால் பேட்டரி கேபிளையும் எடுத்துவிடுங்கள்.

## உங்கள் மீட்டர் எந்த ரகம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் சோதனையைத் தொடங்கினால் எல்லாமே தலைகீழாகப் புரியும். சாவியை ஆன் செய்து முள்ளை மட்டும் பாருங்கள்.

மெதுவாக ஏறினால்: சோம்பல் முறித்துக்கொண்டு எழுவது மாதிரி சில விநாடி எடுத்து ஏறும். இது சூடாகி வளையும் தகட்டால் நகரும் முள். 1960களின் நடுவிலிருந்து வந்த பிரிட்டிஷ் ரக வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். இதை 'மெது முள்' என்று வைத்துக்கொள்வோம். டேங்க் வயரை, அதாவது யூனிட்டிலிருந்து மீட்டருக்கு வரும் வயரை, கழற்றினால் எம்ப்டி. டேங்க் வயரை எர்த் செய்தால் ஃபுல்.

சட்டென்று குதித்தால்: சாவி திரும்பியவுடன் முள் தன் இடத்துக்குப் போய்விடும். இது காயில் (கம்பிச்சுருள்) வைத்த மீட்டர். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் செவர்லே, ப்யூக் மாதிரியான வண்டிகளிலும் இருக்கும். இது 'துள்ளு முள்'. டேங்க் வயரைக் கழற்றினால் ஃபுல். எர்த் செய்தால் எம்ப்டி.

ஒன்றுக்கொன்று நேர் எதிர், பார்த்தீர்களா? வயர் அறுந்த வண்டியில் மெது முள் "காலி" என்று பயமுறுத்தும், துள்ளு முள் "நிறைய இருக்கிறது" என்று ஏமாற்றும். மேலே சொன்ன மாப்பிள்ளை வண்டி துள்ளு முள் வண்டி.

முள் அசையவே இல்லையென்றால் ரகம் தெரியாது. அப்போது இரண்டு சோதனையையும் செய்து பாருங்கள். எந்தச் சோதனையில் ஃபுல்லுக்கு வருகிறதோ அதை வைத்து ரகத்தைக் கண்டுபிடிக்கலாம்.

## அறிகுறி 1: முள் எம்ப்டியிலேயே படுத்திருக்கிறது

குச்சியை விட்டுப் பார்த்தீர்களா? சிரிக்காதீர்கள். முள் வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்து, உண்மையிலேயே டேங்க் காலியாக இருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஃபியூஸ். அம்பாசடர், மாரிஸ், ஹெரால்டு மாதிரி லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி முறை வயரிங் உள்ள வண்டிகளில் பெட்ரோல் மீட்டருக்குத் தனி ஃபியூஸ் கிடையாது. பிரேக் லைட், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் ஒரே ஃபியூஸில் தொங்கும். அவையும் செத்திருந்தால் ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். கண்ணாடி ஃபியூஸ் உள்ளே அறுந்திருக்க வேண்டும் என்பதில்லை. நின்ற வண்டியில் ஃபியூஸின் மூடியும் அதைப் பிடிக்கும் க்ளிப்பும் பச்சை பூத்திருக்கும். ஃபியூஸை எடுத்து, இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப வையுங்கள். இதிலேயே உயிர் வந்த வண்டிகள் எத்தனையோ.

மீட்டருக்குக் கரண்ட். மற்றவை வேலை செய்து மீட்டர் மட்டும் செத்திருந்தால், மீட்டரின் பின்னால் பச்சை வயர் வரும் முனையில் டெஸ்ட் பல்பை வையுங்கள். எரிய வேண்டும். வோல்ட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் (அறிகுறி 3-ல் வருகிறது) உள்ள வண்டியானால் பச்சை வயர் மீட்டருக்கு நேராகப் போகாமல் ஸ்டெபிலைசருக்குப் போகும், அங்கே வையுங்கள். எரியவில்லையென்றால் முனை கழன்றிருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு ரேடியோ மாட்டியவர் எவராவது இழுத்து விட்டிருப்பார்.

டேங்க் வயர், மெது முள்ளாக இருந்தால். யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றுங்கள். லூகாஸ் வண்டியில் அது பச்சையில் கறுப்புக் கோடு போட்டது. அதற்கும் பாடிக்கும் நடுவே அந்த 33 ஓம் ரெசிஸ்டரை மாட்டிச் சாவியை ஆன் செய்யுங்கள்.

- முள் ஃபுல்லுக்குக் கிட்டத்தில் ஏறினால் மீட்டரும் வயரும் நல்ல நிலையில் இருக்கின்றன. கோளாறு யூனிட்டில், அல்லது அதன் எர்த்தில்.
- ஏறாவிட்டால் மீட்டரின் பின்னால் டேங்க் வயர் முனையில் இதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது ஏறினால் நடுவே வயர் அறுந்திருக்கிறது. டிக்கி ஓரத்தில் வயர்களைச் சேர்க்கும் புல்லட் கனெக்டரை முதலில் பாருங்கள்.
- அங்கேயும் ஏறாவிட்டால் அறிகுறி 3-ஐப் படித்துவிட்டு அப்புறம் மீட்டரைச் சந்தேகப்படலாம்.

ரெசிஸ்டர் இல்லாமல் வயரை நேராக எர்த் செய்தாலும் இதே பதில்தான் கிடைக்கும். ஆனால் சில விநாடிக்கு மேல் விடக்கூடாது. உள்ளே இருக்கும் சூட்டுக் கம்பி கருகினால் இல்லாத செலவை இழுத்துவிட்டுக்கொள்வீர்கள்.

டேங்க் வயர், துள்ளு முள்ளாக இருந்தால். வயரைக் கழற்றி, எதிலும் படாமல் தொங்கவிட்டுச் சாவியை ஆன் செய்யுங்கள். முள் ஃபுல்லுக்குப் போனால் வயர் சரி, யூனிட்டுக்குள் எங்கோ எர்த் அடிக்கிறது, அல்லது மிதவை மூழ்கிக் கிடக்கிறது. போகவில்லையென்றால் மீட்டரிடம் அதே வயரைக் கழற்றுங்கள். இப்போது போனால் நடுவே எங்கோ வயர் தேய்ந்து பாடியில் தொடுகிறது. இந்த ரக மீட்டருக்குத் தன் உடம்புக்கே எர்த் வேண்டும். டேஷ்போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். மீட்டர் உடம்பிலிருந்து பாடிக்கு ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள்.

மூழ்கிய மிதவை. வயர் சோதனை எல்லாம் சரியாக வந்து, எர்த்தும் சரியாக இருந்து, பெட்ரோலும் இருந்து, முள் மட்டும் எம்ப்டியென்றால் யூனிட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே களக் களக் என்றால் பித்தளை மிதவையின் ஈயம் வைத்த ஓரம் விட்டிருக்கிறது. எங்கே ஓட்டை என்று பார்க்க, பெட்ரோலிலிருந்து தள்ளி, ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் எடுத்து அதில் அமுக்குங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வண்டிகள் சிலவற்றில் மிதவை கார்க்கால் ஆனது, மேலே அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் என்றால் சாராயம்தானே, அரக்கு அதில் கரைந்துவிடும். தாத்தா காலத்தில் எழுபது வருஷம் மிதந்த கார்க் இரண்டு மாதத்தில் குடித்துவிட்டு மூழ்கும். அதைத் திரும்ப அரக்கு பூசி மாட்டுவதில் பயன் இல்லை. பித்தளை மிதவை செய்து மாட்டுங்கள்.

## அறிகுறி 2: முள் ஃபுல்லிலேயே நிற்கிறது

எம்ப்டியைவிட இது ஆபத்து. யாரும் புகார் சொல்லமாட்டார்கள், வண்டி நிற்கும்வரை.

### துள்ளு முள் வண்டியில்

வயர் எங்கோ திறந்திருக்கிறது. எளிதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் யூனிட்டின் எர்த். நீள வயரின் ஒரு க்ளிப்பை யூனிட்டின் மேல் தகட்டில், உப்புத்தாளால் தேய்த்த இடத்தில், இன்னொன்றைச் சேஸிஸில் பெயின்ட் இல்லாத இடத்தில். சாவி ஆன். முள் இறங்கி நின்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இந்தக் கோளாறு எங்கே அதிகம் தெரியுமா? அலட்சியமாக விட்ட வண்டியில் இல்லை. ஆசையாசையாகப் புதுப்பித்த வண்டியில். கல்யாணத்துக்கு முன்னால் டேங்க்கை இறக்கி, துரு எடுத்து, பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்து, டேங்க்குக்கும் பாடிக்கும் நடுவே புது ரப்பர் பட்டை வைத்து, யூனிட்டுக்கு அடியில் தடியான ரப்பர் கேஸ்கட் போட்டு மாட்டியிருப்பார்கள். பெயின்ட்டும் ரப்பரும் கரண்டை விடாது. திருகாணி வழியாகக் கொஞ்ச நஞ்சம் போய்க்கொண்டிருந்த எர்த்தும் போச்சு. துரு பிடித்த பழைய டேங்க்கில் வேலை செய்த முள், புது டேங்க்கில் செய்யாமல் போவது இதனால்தான். தேய்த்துத் தேய்த்துப் பெயின்ட்டைக் கெடுக்க வேண்டாம். யூனிட்டின் ஒரு திருகாணியில் வளையம் வைத்த கறுப்பு வயரை மாட்டிச் சேஸிஸுக்குக் கொடுத்துவிடுங்கள். நான் இப்போது எல்லா வண்டியிலும், கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த ஒரு வயரைப் போட்டுவிடுகிறேன்.

எர்த் கொடுத்தும் முள் இறங்கவில்லையென்றால் டேங்க் வயரைக் கழற்றி, சாவி விதிப்படி, பாடியில் இணையுங்கள். முள் எம்ப்டிக்கு வந்தால் வயர் சரி, யூனிட்டுக்குள் கம்பிச்சுற்று அறுந்திருக்கிறது. வராவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. எலியாகத்தான் இருக்கும். பூட்டிய வீட்டில் எலிக்குச் சாப்பிட வேறு என்ன இருக்கிறது.

### மெது முள் வண்டியில்

வயர் எங்கோ எர்த் அடிக்கிறது, அல்லது மிதவை மேலே மாட்டிக்கொண்டிருக்கிறது. யூனிட்டில் வயரைக் கழற்றிச் சாவியை ஆன் செய்து ஒரு நிமிஷம் பொறுங்கள். முள் மெதுவாக எம்ப்டிக்கு இறங்கினால் கோளாறு யூனிட்டுக்குள். இறங்காவிட்டால் நடுவயர். டிக்கித் தரையில் ஸ்டெப்னி உட்காரும் இடத்தில் வயர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள்.

மிதவை மேலே மாட்டிக்கொள்வது நின்ற வண்டிகளின் வியாதி. பெட்ரோல் நம் வெயிலில் ஆவியாகிப் போய், அடியில் பாகு மாதிரிப் பிசின் தங்கும். மிதவையின் கை மூட்டில் அது இறுகிவிடும். கழற்றி, கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, கையை மேலும் கீழும் அசைத்தால் விட்டுவிடும். டேங்க்குக்குள் துரு தடுக்கும் பூச்சு ஊற்றிய வண்டிகளில் இன்னொன்று: யூனிட்டைக் கழற்றாமலே பூச்சை ஊற்றி மிதவையை ஒட்டவைத்துவிடுவார்கள். அதற்கு மருந்து இல்லை. யூனிட் போனது போனதுதான்.

## அறிகுறி 3: பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே பொய் சொல்கின்றன

இது மெது முள் வண்டிகளுக்கு மட்டும். இரண்டும் ஒன்றாக ஏறிப்போய் நின்றால், அல்லது ஒன்றாகச் செத்துப்போனால், டேங்க் பக்கமே போகாதீர்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா இருக்கும், வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரியின் 12 சொச்சம் வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்துச் சராசரியாக 10 வோல்ட்டாக்கி மீட்டர்களுக்கு அனுப்புவது அதன் வேலை.

இரண்டு முள்ளும் மேலே: ஸ்டெபிலைசருக்கு எர்த் இல்லை, முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போகிறது. அது உட்கார்ந்திருக்கும் திருகாணியைக் கழற்றி, அடியில் தேய்த்து, இறுக்குங்கள். காசில்லாத வேலை.

இரண்டும் செத்தது: உள்ளே கரண்டை விட்டு விட்டு இணைக்கும் பாயின்ட் கருகித் திறந்தே நின்றுவிட்டது.

சோதிக்க: ஸ்டெபிலைசரின் வெளியேறும் முனையில் முள் வைத்த பழைய மல்டிமீட்டரை வைத்தால் முள் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். துடிக்காமல் 12 வோல்ட்டிலேயே நின்றாலும் பூஜ்யத்திலேயே நின்றாலும் கெட்டது. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும், பயந்துவிடாதீர்கள், அது சரிதான்.

மாற்று எளிது. 7810 என்று ஒரு மூன்று கால் ரெகுலேட்டர் ஐ.சி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், டீக்காசு. பழைய டப்பாவின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு இதை வைத்து ஈயம் பற்றவைத்தால் வெளியே பார்க்க அசலாகவே இருக்கும். ஒரு எச்சரிக்கை: பேட்டரியின் மைனஸ் பாடியில் கொடுத்த வண்டிக்கு மட்டும்தான் இது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் ப்ளஸ்தான் பாடியில் இருக்கும். அதில் 7810-ஐ மாட்டினால் புகை பார்க்கலாம்.

## அறிகுறி 4: முள் ஆடிக்கொண்டே இருக்கிறது

துள்ளு முள் வளைவில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். குன்றக்குடி ரோட்டு வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்குகிறது, மிதவை கூடவே போகிறது, முள் உண்மையைச் சொல்கிறது. விட்டுவிடுங்கள்.

ஹெட்லைட் போட்டால் இறங்குகிறது, பிரேக் மிதித்தால் ஏறுகிறது என்றால் எர்த். டிக்கியில் பின் விளக்குகளின் எர்த்தும் யூனிட்டின் எர்த்தும் ஒரே துருப்பிடித்த திருகாணியில் தொங்குகிறதா பாருங்கள்.

நேர் ரோட்டில் பள்ளம் மேட்டில் மட்டும் குதித்தால் கனெக்டர் தளர்ந்திருக்கிறது. மெது முள் காரணமில்லாமல் நடுங்கினால் அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

## அறிகுறி 5: ஒரு இடத்தில் மட்டும் முள் செத்துப் போகிறது

ஃபுல்லில் சரி, அரையில் சரி, கால் டேங்க்குக்குக் கீழே வந்ததும் முள் விழுந்துவிடுகிறது அல்லது எங்கேயோ தாவுகிறது. வெளியூர் வண்டிகளில் இந்தத் தேய்மானம் நடுவில் இருக்கும். நம் பக்கத்து வண்டிகளில் அடியில்தான். காரணம் எளிது. கோயிலுக்குப் போய்வர 5 லிட்டர், ஊர்வலத்துக்கு 5 லிட்டர் என்று ஊற்றி ஊற்றியே ஓட்டிய வண்டிகள். யூனிட்டுக்குள் மெல்லிய கம்பி சுற்றிய பட்டை மேல் ஒரு சின்ன விரல் உரசிக்கொண்டு போகும். முப்பது வருஷமாக ஒரே இடத்தில் உரசினால் கம்பி தேயாமல் என்ன செய்யும்?

சோதனை: யூனிட்டை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை வயர் மாட்டும் இடத்திலும் இன்னொன்றைத் தகட்டிலும் வைத்து மிதவையை அடியிலிருந்து மேலே மெதுவாக நகர்த்துங்கள். எண் படிப்படியாக மாற வேண்டும். நடுவே எங்காவது மீட்டர் திறந்த சர்க்யூட் காட்டினால் அங்கே கம்பி அறுந்திருக்கிறது. எண் துள்ளினால் அழுக்கு. அழுக்கென்றால் கான்டாக்ட் க்ளீனர் அடித்து, காகிதத்தால் துடையுங்கள். உப்புத்தாள் இங்கே கூடாது, இருக்கிற கம்பியும் போய்விடும்.

எண்கள் எவ்வளவு இருக்க வேண்டும்?

- மெது முள் ஸ்மித்ஸ் (பிரிட்டிஷ் மீட்டர் கம்பெனி) ரகம்: காலியில் ஏறத்தாழ 240 ஓம், நிறைவில் 20 முதல் 30.
- 1964 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் (செவர்லே, ப்யூக்; துள்ளு முள்): காலியில் 0, நிறைவில் 30.
- அதே கம்பெனி வண்டிகள், 1965 முதல்: காலியில் 0, நிறைவில் 90.

கம்பி அறுந்திருந்தால் திரும்பச் சுற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். பொறுமையான கை வேண்டிய வேலை, எனக்கு அந்தக் கை இல்லை, வெளியேதான் கொடுப்பேன்.

## அறிகுறி 6: முள் வேலை செய்கிறது, கணக்குதான் இடிக்கிறது

டேங்க் வழிய நிரப்பியும் முக்கால்தான் காட்டுகிறது, அல்லது எம்ப்டி காட்டும்போது குச்சியில் இரண்டு கோடு பெட்ரோல் இருக்கிறது. யூனிட்டை வெளியே எடுத்து, பழைய வயரிலேயே மாட்டி, தகட்டுக்கு எர்த் கொடுத்து, மிதவையைக் கையால் உச்சிக்குத் தூக்குங்கள். கழற்றிய துளையை முதலில் மூடிவிட்டு, டேங்க்கிலிருந்து தள்ளி வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். இப்போது ஃபுல் காட்டினால் மிதவையின் கை வளைந்திருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள். யூனிட்டைத் திசை மாற்றித் திருப்பி மாட்டியதில் மிதவை டேங்க்கின் சுவரிலோ உள்தடுப்பிலோ இடிக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றும்போதே எந்தப் பக்கம் முன்னால் என்று ஒரு கீறல் போட்டுவைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டு முனையும் சரியாக இருந்து நடுவில் மட்டும் கொஞ்சம் விலகினால் விட்டுவிடலாம். டேங்க்கின் உருவமே அப்படி, மேலே அகலம் கீழே குறுகல். குச்சி இருக்கிறதே.

## அறிகுறி 7: நிரப்பினால் எம்ப்டி, தீர்ந்தால் ஃபுல்

சிரிப்பு வரும், ஆனால் வருஷத்துக்கு ஒன்று வந்துவிடுகிறது. மெது முள் மீட்டருக்குத் துள்ளு முள் யூனிட்டை யாரோ மாட்டியிருக்கிறார்கள். சென்னை உதிரிபாகக் கடைகளில், புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ, "இது உட்காரும் சார்" என்று கொடுத்திருப்பார்கள். உட்காரும், துளைகூடச் சரியாக இருக்கும். ஓம் கணக்குதான் எதிர். வாங்கும்போது மல்டிமீட்டரைக் கையில் கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் சில சமயம் அழகான பழைய மீட்டர்கள் தட்டுப்படும். அலமாரியில் வைக்க வாங்கலாம். வண்டிக்கென்றால் யூனிட்டோடு சேர்த்துக் கிடைத்தால் மட்டும்.

## இரண்டு தனி வண்டிகள்

6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால், பல்புகளை மாற்றியவர் மீட்டரை மறந்திருப்பார். துள்ளு முள் கொஞ்ச நாள் சரியாகவே காட்டும், உள்ளே காயில் வெந்துகொண்டிருக்கும். தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். மீட்டருக்குப் போகும் கரண்டில் வோல்ட் குறைப்பான் ஒன்று போட வேண்டும்.

ஃபோர்டு மாடல் ஏ (1928 முதல் 1931 வரை வந்தது) என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. டேங்க் டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, மிதவை நேராக அளவு காட்டும் உருளையைச் சுழற்றுகிறது, வயரே கிடையாது. கெட்டால் மிதவை, கசிந்தால் கேஸ்கட். கசிவு நேராக உங்கள் காலில் சொட்டும் என்பதால் அன்றே சரிசெய்யுங்கள்.

## திரும்ப மாட்டும்போது

பழைய கேஸ்கட்டை மறுபடி போடாதீர்கள். எத்தனால் தாங்கும் ரப்பர் கேஸ்கட் வாங்குங்கள். கடையில் விற்கும் சாதாரண சிலிகான் பசையைத் தடவாதீர்கள், பெட்ரோல் பட்டால் ஊதி உரிந்துவிடும். பூட்டு வளையம் உள்ள யூனிட்டை இரும்பு உளியால் தட்டாமல் மரத்துண்டோ பித்தளைக் கம்பியோ வைத்துத் தட்டுங்கள். பொறி வேண்டாம். யூனிட் டேங்க்கின் பக்கவாட்டில் இருக்கும் வண்டியானால் பெட்ரோலை அந்த அளவுக்குக் கீழே இறக்காமல் திருகாணியைத் தொடக்கூடாது. மாட்டி முடித்து, டேங்க்கை நிரப்பி, ஒரு ராத்திரி வெளியே நிறுத்துங்கள். காலையில் பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

மிதவையில் ஓட்டை என்றால் ரேடியேட்டர் கடைக்காரரிடம் கொடுங்கள். பித்தளையில் ஈயம் வைப்பதில் அவர்தான் கைகாரர். உள்ளே பெட்ரோல் இருந்தது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வீட்டில் நீங்களே சூடு காட்டினால் மூடிய பித்தளைக்குள் இருக்கும் ஆவி வெடிக்கும்.

டேங்க்கிலேயே ஓட்டை, அல்லது உள்ளே துரு செதில் செதிலாக உதிர்கிறது என்றால் டேங்க்கை இறக்கும் வேலை. துரு, அரிமானம் பற்றியெல்லாம் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-லேயே அடிக்கல் நாட்டிய ஊர் இது, ஆனால் நம் டேங்க்குகளுக்கு அது தெரியவில்லை. "காலி டேங்க்தானே" என்று வெல்டிங் வைக்கும் ஆளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும். கொதிநீரில் அலசி, ஆவியை எடுத்துவிட்டு வேலை செய்யத் தெரிந்தவர் வேண்டும்.

எல்லாச் சோதனையும் மீட்டரைத்தான் காட்டுகிறது என்றால் மீட்டரைக் கழற்றுங்கள், ஆனால் திறக்காதீர்கள். 1930, 40களின் மீட்டர்கள் சிலவற்றில் இருட்டில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் பூசியிருக்கிறார்கள். சுரண்டினால் தூசி மூச்சில் போகும். பழுது பார்ப்பவருக்கு அனுப்பும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி வைத்து அனுப்புங்கள்: வண்டி எத்தனை வோல்ட், பாடியில் ப்ளஸ்ஸா மைனஸா, ஸ்டெபிலைசர் உண்டா, உங்கள் யூனிட் காலியிலும் பாதியிலும் நிறைவிலும் காட்டும் ஓம் எவ்வளவு. இந்தத் தாள் இல்லாமல் போன மீட்டர், யாரோ ஒருவருடைய டேங்க்குக்குப் பொருத்தமாகத்தான் திரும்பி வரும்.